காய்ச்சலை மருந்தாக்கிய வாக்னர் யாரெக்

தோற்றுவாய்

முத்து என்பது சிப்பியின் நோய் என்று கூறின் நம்மிற் பலர் வியப்படைவர். ஆயினும் உண்மை அதுவே. கடலடியில் வாழும் சிப்பியின் மெல்லிய உடலுக்குள் நுண்புழுவோ வேறு அயற்பொருளோ புகுந்துவிடின், அதனைப் புறத்தே தள்ள இயலாத அவ்வுயிர், தன்னுடம்பினின்று சுரக்கும் ஒளிமிக்க பொருளால் அதனை மேன்மேலும் மூடி அடக்கிவிடுகின்றது. பகையைத் தடுக்க எழுந்த அக்காப்பே நாளடைவில் முத்தாகத் திரள்கின்றது. மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில் மூச்சடக்கி மூழ்கிய நம் முன்னோர் பல நூற்றாண்டுகளாக வாரிக் கொணர்ந்தது இந்நோயின் விளைவையே. தூத்துக்குடியில் இறுதியாக முத்துக்குளிப்பு நிகழ்ந்தது 1961-ஆம் ஆண்டில். பின்னர் 1973-ஆம் ஆண்டில், இந்நகரில் உள்ள மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார், சிப்பியின் உடலுக்குள் சிறு மணியொன்றைத் தாமே வைத்து முத்து விளைவித்துக் காட்டினர். அயற்பொருளை வேண்டுமென்றே புகுத்தி, உயிரினுள் உறங்கும் காப்பாற்றலைத் தட்டியெழுப்பிப் பயன்கொள்ளும் வழி அது.

இத்தகையதொரு வழியை மக்கள் உடம்பிலே, அதிலும் சித்தம் கலங்கியோரைக் குணப்படுத்தும் பொருட்டுக் கையாண்ட மருத்துவர் ஒருவர் ஆஸ்திரியா நாட்டில் வாழ்ந்தார். அவர் பெயர் யூலியஸ் வாக்னர் யாரெக். அவர் கண்ட மருத்துவ முறை இன்று வழக்கொழிந்து போயிற்று. அவர் எழுப்பிய வினாவோ இன்றும் உயிரோடு நிற்கின்றது. மனச்சிதைவு நோயின் காரணத்தைத் தேடும் இக்காலத்து ஆராய்ச்சியாளர் பலர் அவ்வினாவையே வேறு சொற்களில் கேட்டு வருகின்றனர். அன்றியும், நம் கடற்கரையில் வெள்ளிமலை போலக் குவிந்து கிடக்கும் உப்புக்கும் அவர் வரலாற்றுக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஆகவே அவர்தம் வாழ்க்கையைச் சுருக்கமாக அறிந்துகொள்வது நமக்குப் பயன் தருவதாகும்.

பிறப்பும் கல்வியும்

வாக்னர் யாரெக் 1857-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 7-ஆம் நாள் ஆஸ்திரியாவின் வெல்ஸ் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் அரசாங்க அலுவலர். அவருக்குப் பிற்காலத்தில் அரசர் அளித்த குலப்பட்டத்தாலேயே யாரெக் என்னும் சொல் குடும்பப் பெயரோடு சேர்ந்தது.

இவர் 1874-ஆம் ஆண்டில் வியன்னாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலத் தொடங்கினார். ஸ்ட்ரிக்கர் என்னும் பேராசிரியரின் ஆராய்ச்சிக்கூடத்தில் விலங்குகளின் உடற்கூற்றையும் நோயின் இயல்பையும் ஆராய்வதில் இவருக்கு மிகுந்த ஈடுபாடு இருந்தது. பிற்காலத்தில் உளப்பகுப்பாய்வு முறையைக் கண்டு உலகப் புகழ் பெற்ற சிக்மண்டு பிராய்டு அக்காலத்தில் இவருக்கு உடன்மாணவர். 1880-ஆம் ஆண்டில் வாக்னர் யாரெக் மருத்துவப் பட்டம் பெற்றார்.

உடல்நோய் மருத்துவராக விளங்க வேண்டுமென்பதே இவரது விருப்பம். அதற்கேற்ற பதவி கிட்டவில்லை. 1883-ஆம் ஆண்டில் வியன்னாவின் மனநோய் மருத்துவமனையில் துணை மருத்துவர் இடம் ஒன்று வாய்த்தது. மனநோய் பற்றித் தனியே பயிலாதவராயினும் இவர் அதனை ஏற்றுக்கொண்டார். விரும்பிய வாயில் அடைபட, எதிர்பாராத வாயில் திறந்தது. உடம்பை ஆராய்ந்து பழகிய கண்ணோடு இவர் மனநோயாளரிடம் சென்றமையால், பிறர் காணாததொன்றை இவர் கண்டார்.

கடுங்காய்ச்சல் தந்த தெளிவு

அக்காலத்து மனநோய் விடுதிகளின் நிலை இரங்கத்தக்கது. நோயாளரை அடைத்துக் காத்தல் அன்றிக் குணப்படுத்தும் வழி ஏதும் இல்லை. வாக்னர் யாரெக் பதவியேற்ற காலத்திலே, சித்தம் கலங்கிய பெண்ணொருத்திக்கு எரிசிப்பெலஸ் என்னும் நோய் தொற்றியது. தோல் சிவந்து வீங்கிக் கடுங்காய்ச்சலைத் தரும் கொடுநோய் அது. அக்காய்ச்சல் தணிந்தபோது அவளது சித்தக் கலக்கமும் உடன் நீங்கிற்று.

இத்தகைய நிகழ்ச்சிகள் முன்னரும் உண்டு. காய்ச்சலுற்றபின் வலிப்பும் பித்தும் தணிதலைப் பண்டைக் கிரேக்க மருத்துவரும் குறித்துச் சென்றனர். ஆனால் அதனை இயற்கையின் விந்தை என்று கண்டு வியந்ததோடு மற்றையோர் அமைந்தனர். வாக்னர் யாரெக் அமையவில்லை. தற்செயலாக நேர்ந்ததைத் தாமே திட்டமிட்டுச் செய்தல் கூடாதோ என்று எண்ணலானார். பழைய ஏடுகளைத் தேடித் தொகுத்து, காய்ச்சலுக்கும் மனநோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றி 1887-ஆம் ஆண்டில் கட்டுரையொன்று வெளியிட்டார். மலேரியாவை வேண்டுமென்றே ஊட்டிப் பார்க்கலாம் என்னும் கருத்து அக்கட்டுரையிலேயே இடம்பெற்றது. அக்கருத்துச் செயலாவதற்கு முழுமையாக 30 ஆண்டுகள் சென்றன.

1889-ஆம் ஆண்டில் கிராட்ஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அக்காலத்தில் ராபர்ட் கோக் என்னும் பேரறிஞர் காசநோய்க் கிருமியினின்று டூபர்குலின் என்னும் பொருளை வடித்திருந்தார். அதனை ஊசிவழிச் செலுத்தினால் காய்ச்சல் எழும். வாக்னர் யாரெக் அதனை மனநோயாளர்க்குச் செலுத்திப் பார்த்தார். சிலர் தேறினர், ஆயினும் பெற்ற குணம் பலரிடத்தும் நிலைக்கவில்லை.

கழலையும் உப்பும்

கிராட்ஸ் நகரைச் சூழ்ந்த மலைப்பள்ளத்தாக்குகளில் மற்றொரு துன்பம் பரவியிருந்தது. பலருக்கு முன்கழுத்தில் கழலை தொங்கியது. அவர்தம் குழந்தைகளுட் சிலர் வளர்ச்சி குன்றி, செவிப்புலனும் அறிவும் மழுங்கிப் பிறந்தனர். தொண்டையிலுள்ள தைராய்டு சுரப்பிக்கு அயோடின் என்னும் பொருள் போதிய அளவு கிட்டாமையே இதற்குக் காரணம். மழை கழுவிச் சென்ற மலைநிலத்தில் அயோடின் அரிது. ஆதலின் அந்நிலத்து விளைபொருளிலும் அஃது இராது. வாக்னர் யாரெக் இந்நோயைப் பல்லாண்டு ஆராய்ந்தார். உண்ணும் உப்பில் சிறிதளவு அயோடினைக் கலந்து வழங்கினால் நோய் வாராது தடுக்கலாம் என்று வற்புறுத்தினார். 1920-களில் சுவிட்சர்லாந்தும் ஆஸ்திரியாவும் இவ்வழியை மேற்கொண்டன.

தமிழ்நாட்டில் விளையும் உப்பில் பெரும்பகுதி தூத்துக்குடி வட்டாரத்து உப்பளங்களிலேயே விளைகின்றது. கடல்நீரில் அயோடின் இருப்பினும், பாத்தியில் வெயிலாற் காய்ந்து விளையும் உப்பில் அது போதிய அளவு நிற்பதில்லை என்பது அறியத்தக்கது. ஆகவே பொட்டாசியம் அயோடேட்டு என்னும் பொருளைத் தனியே சேர்க்கின்றனர். நம் நாட்டில் 1956-ஆம் ஆண்டு முதல் இமயத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் நடந்த ஆராய்ச்சி இவ்வுப்பின் பயனை ஐயமற நிறுவிற்று. 1962-ஆம் ஆண்டில் கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. 2006-ஆம் ஆண்டு முதல், மக்கள் உண்பதற்கு விற்கும் உப்பு யாவும் அயோடின் கலந்ததாயிருத்தல் வேண்டும் என்பது நாடெங்கும் சட்டமாயிற்று. உப்பளத்தில் வெயிலில் உழைப்போர் கைவழி வரும் உப்பு, தொலைவிலுள்ள மலைநாட்டுக் குழந்தையின் அறிவைக் காக்கின்றது. உடம்பிற் குறைந்ததொரு சிறுபொருள் அறிவையே மழுக்கிவிடக்கூடும் என்பதைக் கண்ட வாக்னர் யாரெக்கிற்கு, மனம் உடம்பினின்று வேறானதன்று என்னும் கொள்கை மேலும் உறுதிப்பட்டிருக்கும் என்று நாம் எண்ணலாம்.

1917-ஆம் ஆண்டு

1893-ஆம் ஆண்டில் இவர் வியன்னாவுக்கே பேராசிரியராகத் திரும்பினார். அந்நாளில் மனநோய் விடுதிகளில் மிகுதியாகக் காணப்பட்டது மேகநோயின் இறுதி நிலையாகிய வாதப்பித்து. மேகநோய் தொற்றிப் பல்லாண்டு சென்றபின் அக்கிருமி மூளையைப் பற்றும். அப்போது நோயாளன் பெருமை பிதற்றி, நினைவு குலைந்து, கைகால் தளர்ந்து சில ஆண்டுகளுக்குள் மாள்வான். இறந்தோர் மூளையில் மேகநோய்க் கிருமி இருத்தலை 1913-ஆம் ஆண்டில் நொகுச்சி, மூர் என்னும் இருவர் காட்டினர். நோயின் காரணம் அறியப்பட்டது, மருந்துதான் இல்லை.

முதல் உலகப்போரின்போது, 1917-ஆம் ஆண்டில், மலேரியாக் காய்ச்சலுற்ற போர்வீரன் ஒருவன் வாக்னர் யாரெக்கின் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தான். அவனுக்குக் கொயினா கொடுக்கலாமா என்று உதவி மருத்துவர் கேட்டபோது, வேண்டாவென்று தடுத்தார். 30 ஆண்டுகளாக உள்ளத்தில் வைத்திருந்த எண்ணம் செயலாகும் வேளை வந்தது. ஜூன் மாதம் 14-ஆம் நாள் அவ்வீரனின் குருதியை எடுத்து வாதப்பித்தர் உடம்பிற் செலுத்தினார். அவ்வாண்டில் இங்ஙனம் மருத்துவம் பெற்றோர் 9 பேர். அவருள் 6 பேர் நன்கு தேறினர். ஆயினும் அவருட் சிலர்க்கு நோய் மீண்டது. சாவே முடிவென்றிருந்த நோயில் இது பெரும் வெற்றியே. குளிரும் காய்ச்சலும் 7 முதல் 12 முறை வந்து போனபின் கொயினா கொடுத்து மலேரியாவை நிறுத்துதல் இம்முறையின் ஒழுங்கு.

இம்முறை விரைவில் பல நாடுகளிற் பரவிற்று. 1927-ஆம் ஆண்டில் மருத்துவத்துக்குரிய நோபெல் பரிசு இவருக்கு வழங்கப்பெற்றது. மனநோய் மருத்துவருள் அப்பரிசை முதன்முதலாகப் பெற்றவர் இவரே.

புகழும் மாசும்

பெரியோர் வரலாற்றை எழுதுங்கால் புகழை மட்டும் கூறிக் குறையை மறைத்தல் நேர்மையன்று. வாக்னர் யாரெக்கின் வாழ்வில் மாசுகள் உண்டு. அவை சிறியனவும் அல்ல.

முதலாவதாக, நோய்க்கு மருந்தாக ஊட்டப்பட்ட நோயே சிலர் உயிரைக் குடித்தது. ஒருமுறை கொடிய வகை மலேரியாவின் குருதி அறியாமற் செலுத்தப்பட்டு நோயாளர் இறந்தனர். மருத்துவம் பெற்றோர் சித்தம் கலங்கியோர்; தமக்குச் செய்யப்படுவது இன்னதென்று அறிந்து இசையும் நிலையில் அவர் இல்லை. இக்காலத்து மருத்துவ அறம் இதனை ஒருபோதும் ஏற்காது.

இரண்டாவதாக, போரில் நடுக்கமுற்ற வீரர்க்கு இவரது மருத்துவமனையில் மின்சாரத்தால் கொடிய முறையில் மருத்துவம் செய்யப்பட்டதென்று குற்றச்சாட்டு எழுந்தது. 1920-ஆம் ஆண்டில் அரசாங்கம் விசாரணைக் குழு அமைத்தது. இளமைத் தோழராகிய பிராய்டே அதன்முன் தம் கருத்தை உரைத்தார். மின்சார மருத்துவத்தைக் குறைகூறிய அவர், வாக்னர் யாரெக் கொடுமை செய்யும் நோக்கமுடையவர் அல்லர் என்று எடுத்துரைத்தார். குழுவினரும் இவரைக் குற்றமற்றவரென விடுவித்தனர்.

மூன்றாவது மாசே மிகப் பெரியது. மனநோயாளரை மகப்பேறு இல்லாதவாறு செய்துவிட வேண்டுமென்னும் கொள்கையை இவர் ஆதரித்தார். இறுதிக்காலத்தில் நாஜிக் கட்சியில் சேரவும் விண்ணப்பித்தார், அக்கட்சியார் ஏற்கவில்லை. அதே நாஜி ஆட்சியில் மனநோயாளர் பல்லாயிரவர் கொல்லப்பட்டனர் என்பதை நினைக்குங்கால் நம் நெஞ்சம் நடுங்குகின்றது. நோயாளரின் உடம்பைத் துருவி ஆராய்ந்த ஒருவர் அவர்தம் மதிப்பை உணரத் தவறினார். கல்வியும் பரிசும் இத்தவற்றினின்று ஒருவரைக் காப்பதில்லை.

1928-ஆம் ஆண்டில் பேராசிரியர் பதவியினின்று ஓய்வு பெற்ற இவர், 1940-ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 27-ஆம் நாள் வியன்னாவில் காலமானார். சில ஆண்டுகளுக்குள் பெனிசிலின் மேகநோயை எளிதில் தீர்க்கும் மருந்தாக வந்தது. மலேரியா மருத்துவம் மறைந்தது.

அவர் விட்டுச்சென்ற வினா

மருத்துவம் மறைந்தும் வினா மறையவில்லை. உடம்பில் எழும் காய்ச்சல் மனத்தை மாற்றுவது எங்ஙனம்? வாக்னர் யாரெக் இதற்கு முழுவிடை காணாமலே இறந்தார். வாதப்பித்தில் குணம் உண்டானதற்கு, மிகுந்த வெப்பத்தைத் தாங்கமாட்டாத கிருமி மடிந்தது ஒரு காரணம் என்பர். உடலின் காப்பாற்றல் கிளர்ந்தெழுந்தது மற்றொரு காரணமாகலாம்.

காய்ச்சல் கிருமி மூட்டும் தீயன்று. உடம்பு தானே மூட்டிக்கொள்ளும் தீ. கிருமியைக் கண்ட வெள்ளணுக்கள் சில நுண்பொருள்களைச் சுரந்து குருதியில் விடுகின்றன. இவை சைட்டோகைன் எனப்படும். இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 முதலியன இவ்வகையின. கோட்டைக் காவலர் ஒருவர்க்கொருவர் அனுப்பும் தூதரைப் போன்று இவை உடலெங்கும் ஓடிப் பகை வந்த செய்தியைப் பரப்புகின்றன. மூளைக்கும் அச்செய்தி செல்கின்றது. மூளையே வெப்பத்தை உயர்த்துகின்றது. காய்ச்சலிற் கிடப்போர் உணவை வெறுத்தலும், பேச்சை வெறுத்துச் சுருண்டு கிடத்தலும், சிலபோது பிதற்றுதலும் நாம் கண்டவையே. இத்தூதர் மனத்தைத் தீண்ட வல்லவர் என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டா.

இனி மனச்சிதைவு நோயை நோக்குவோம். இல்லாத குரல் காதிற் கேட்டல், பொருந்தாத ஐயம் கொள்ளல், எண்ணம் தொடர்பின்றிச் சிதறல், ஆர்வம் வற்றி ஒதுங்கல் ஆகியவை இதன் குறிகள். உலகில் ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவர் இந்நோயுற்றவர் என உலகச் சுகாதார நிறுவனம் கணிக்கின்றது. பெரும்பாலும் இளமைப் பருவத்திலே, அஃதாவது நம்மைப் போன்ற மாணவர் வயதிலே, இந்நோய் தலைகாட்டுகின்றது. 1918-ஆம் ஆண்டின் கொடிய இன்புளுவென்சாக் காய்ச்சலுக்குப்பின் சிலர்க்கு இத்தகைய சித்தக் கலக்கம் உண்டானதை அமெரிக்க மருத்துவர் கார்ல் மெனிங்கர் குறித்தார். நம் காலத்து ஆய்வுகள் மேலும் தெளிவு தருகின்றன. இந்நோயாளர் பலரது குருதியைச் சோதித்தவிடத்து, இன்டர்லூக்கின்-6 முதலிய தூதுப்பொருள்கள் சராசரியாக மற்றையோரினும் மிகுந்திருத்தல் காணப்பட்டது. இங்கிலாந்தில் குழந்தைகளைப் பிறப்பு முதற்கொண்டு தொடர்ந்து கண்ட ஆய்வொன்றில், 9 வயதில் அப்பொருள் மிகுந்திருந்தோர்க்கு 18 வயதில் மனமயக்கக் குறிகள் தோன்றும் வாய்ப்பும் மிகுந்திருந்தது. 2014-ஆம் ஆண்டில் இது வெளியாயிற்று. 2016-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர், காப்புப் படையைச் சேர்ந்த சி-4 என்னும் புரதத்தை மிகுதியாக ஆக்கும் மரபணு வடிவங்கள் இந்நோய்க்கு இடந்தருவதைக் கண்டனர். இளமையில் மூளை தன் நரம்பிணைப்புகளில் வேண்டாதவற்றைத் தோட்டக்காரன் கிளைகழித்தல் போல் நீக்குகின்றது. அப்பணியில் சி-4 பங்குகொள்கின்றது. அது மிகுந்தால் வேண்டிய கிளைகளும் வெட்டுண்ணக் கூடும் என்று எண்ணுகின்றனர்.

ஆயினும் விரைந்து முடிவு கட்டுதல் தகாது. இப்பொருள்களின் மிகுதி எல்லா நோயாளரிடத்தும் காணப்படுவதில்லை. உடற்பருமன், புகைபிடித்தல், மனவேதனை ஆகியவற்றாலும் அது நேரும். இன்டர்லூக்கின்-6 செய்யும் வேலையைத் தடுக்கும் மருந்தொன்றை மனச்சிதைவு நோயாளர்க்குக் கொடுத்துப் பார்த்த சிறு ஆய்வில் பயன் விளையவில்லை. அக்காலத்தில் வாக்னர் யாரெக் முறையைப் பின்பற்றி மனச்சிதைவு நோயாளர்க்குக் காய்ச்சல் ஊட்டியோரும் நிலைத்த பயன் காணவில்லை. ஆனால் 2007-ஆம் ஆண்டில் டால்மாவ் என்னும் மருத்துவரும் அவர் துணைவரும் ஓருண்மையை வெளிப்படுத்தினர். உடலின் காப்புப்படை தவறுதலாகத் தன் மூளையையே தாக்கி, பித்துப் போன்ற குறிகளை உண்டாக்கும் நோயொன்று உண்டு. அதனைக் காலத்தில் அறிந்து காப்புப்படையை அடக்கும் மருந்தளித்தால் பலர் நலம் பெறுவர். முன்னாளில் இத்தகையோருட் சிலர் பித்தரென்றே அடைபட்டு மாண்டிருப்பர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

முடிவுரை

இவ்வரலாற்றால் நாம் அறிவது யாது? மனநோய் வினைப்பயனும் அன்று, பேயின் சேட்டையும் அன்று. குருதியும் நரம்பும் பங்குகொள்ளும் நோய் என்பதே. இவ்வுண்மை நம் கடற்கரைக்கு இன்றியமையாதது. மன்னார் வளைகுடாவை அடுத்த ஏர்வாடியில், 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 6-ஆம் நாள், மனநோயாளர் விடுதியொன்றில் தீப்பற்றியது. சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தோர் தப்பி ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். அவரைக் கொண்டுவந்து விட்ட பெற்றோருட் பலர் கொடியவர் அல்லர். வேறு போக்கிடம் அறியாதவர். 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் நோயாளரைச் சங்கிலியிடுதலைத் தடைசெய்துள்ளது. சட்டம் சங்கிலியைத் தடுக்கும்; நோயாளரை ஒதுக்கும் எண்ணத்தைக் களைதல் நம் கடமை.

வாக்னர் யாரெக் நோயாளரின் உடம்பிலே உண்மையைக் கண்டார். அவர்தம் மதிப்பைக் காணத் தவறினார். நாம் இரண்டையும் காணல் வேண்டும். நம் வகுப்பில் அருகிலிருந்த நண்பன் ஒருவன் திடீரென்று ஒதுங்கி, உறக்கமின்றி, இல்லாத குரலுக்கு விடையிறுப்பானாயின், அவனை எள்ளாமலும் மறைக்காமலும் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோமாக. காலத்தில் செய்யும் மருத்துவத்தால் பலர் கல்வியையும் வாழ்வையும் மீளப் பெறுகின்றனர். சிப்பி தன்னுள் புகுந்த துன்பத்தை முத்தாக்கப் பல்லாண்டு பொறுத்திருக்கின்றது. நோயுற்ற தோழனிடத்து அத்தகைய பொறுமையை நாமும் காட்டுவோமாக.